கூடாரத்துக்குள் ஒரு திண்ணை

மலைப் பிரயாணத்துக்குப் புறப்படுகிறவர்கள் மூட்டை கட்டும்போது கடைசியாக ஒரு புஸ்தகத்தை எடுத்துச் செருகிக்கொள்வது வழக்கம். பகலெல்லாம் நடப்போம், மாலையில் கூடாரம் அடிப்போம், இரவில் சில்வண்டுகளின் ஓசையைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகப் படிப்போம் என்பது அவர்கள் எண்ணம். நான்கு நாள் கழித்து ஊர் திரும்பி மூட்டையை அவிழ்த்தால், அந்தப் புஸ்தகம் எட்டாம் பக்கத்தில் காது மடித்தது மடித்தபடியே வெளியே வரும். புதிதாக அதில் சேர்ந்திருப்பது அட்டையின்மேல் ஒரு புளியோதரைக் கறை மாத்திரமே.

காரணம் கேட்டால், "மனம் ஒன்றவில்லை" என்பார்கள். மனத்தின்மேல் பழி போடுவது சுலபம், அது எதிர்வழக்காடாது. ஆனால் கொஞ்சம் விசாரித்துப் பார்த்தால் உண்மைக் குற்றவாளிகள் அகப்பட்டுவிடுவார்கள். முதுகு ஒன்று, கழுத்து ஒன்று, விளக்கு ஒன்று, கொசு ஒன்று. இந்த விசாரணையை நான் நடத்த நேர்ந்ததே ஒரு பிழையினால்தான். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிப் பிள்ளைகள் இருபது பேரை அழைத்துக்கொண்டு, உரிய அனுமதியுடன், பச்சைமலையில் இரண்டு இரவு தங்கினோம். துறையூருக்கு வடக்கே, திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது பச்சைமலை. இரவு உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் அனைவரும் படிக்கவேண்டும் என்பது என் ஏற்பாடு. பத்து நிமிஷம் ஆவதற்குள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் புஸ்தகத்தை மூடிவிட்டான். "படிக்கிற எண்ணம் உனக்கு என்றைக்குத்தான் இருந்தது?" என்று, மற்றப் பிள்ளைகள் கேட்கும்படி, சொல்லிவிட்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

மறுநாள் அந்தியில், பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த சமயம், அந்தக் கூடாரத்துக்குள் புகுந்து அவனுடைய இடத்தில் படுத்து, அவனுடைய புஸ்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். தரை தலைப்பக்கம் தாழ்ந்திருந்தது. விலாவுக்கு நேர் கீழே ஒரு வேர். விளக்கோ வாசலில் தொங்கியது. அவன் படுத்திருந்த நிலையில் அவன் தலை நிழலே பக்கத்தின்மேல் விழும். ஐந்தாவது நிமிஷத்தில் என் கழுத்து நொந்தது. பத்தாவது நிமிஷத்தில் நானும் புஸ்தகத்தை மூடிவிட்டேன்.

உபாத்தியாயர்களாகிய நாங்கள் பிள்ளைகளின் மனத்தைப்பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் அவர்கள் உட்காரும் இடத்தைப் பார்க்கவேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன். "உனக்குப் படிப்பு வராது" என்று ஒரு பெரியவர் சொன்னால், அதை அப்படியே நம்பிவிடும் வயது அது. ஒரு வேரையும் ஒரு விளக்கையும் கவனியாமையால் ஒரு வாசகனை இழப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்!

திண்ணை கற்பிக்கும் பாடம்

ஊர் திரும்பியபின் ஒருநாள் ஸ்ரீரங்கத்தில், பழைய வீடு ஒன்றின் திண்ணையில் சாய்ந்திருந்தேன். மதில்களுக்கு இடைப்பட்ட வீதிகளில் அத்தகைய வீடுகள் இப்போது குறைந்து வருகின்றன; ஆயினும் அடியோடு மறைந்துவிடவில்லை. அத்திண்ணையின் ஒரு கோடியில் சாய்ந்துகொள்வதற்கென்றே சரிவாகக் கட்டிப் பூசியிருந்தார்கள். அதில் முதுகைக் கொடுத்தபோது, நம் முன்னோர் படிப்பதற்கு வேண்டிய அனைத்தையும் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் முடித்து வைத்துவிட்டார்கள் என்று தோன்றியது.

எண்ணிப் பாருங்கள். முதுகுக்குச் சரிவு, கால் நீட்டச் சமதளம், தெருப் பக்கத்திலிருந்து பக்கவாட்டாக வரும் வெளிச்சம், மேலே வெயிலைத் தடுக்கும் தாழ்வாரம், குறுக்கே ஓடும் காற்று, ஈரம் ஏறாத உயரம். இந்த ஆறும் ஒன்றுசேர்ந்த இடத்தில் மனம் தானே ஒன்றுகிறது. கூடாரத்தில் இந்த ஆறும் இல்லை. ஆகவே அதற்குள் படிக்க விரும்புகிறவன் செய்யவேண்டிய காரியம் ஒன்றே ஒன்று: போகும் இடத்திலெல்லாம் சின்னஞ்சிறு திண்ணை ஒன்றை உண்டாக்கிக்கொள்வது.

இடம் தேர்தல்

முதலில் கூடாரம் அடிக்கும் இடம். திருச்சிக்காரர்களுக்கு மணல் என்றால் மோகம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக அமைந்த ஸ்ரீரங்கத்தில் வசிப்பவர்களைக் கேட்கவே வேண்டாம். வற்றிய கொள்ளிடத்தின் வெண்மணலைப் பார்த்தால் அங்கேயே படுத்துவிடலாம் என்று தோன்றும். ஒருபோதும் செய்யலாகாது. கொள்ளிடம் வெள்ள நீரை வடிக்கும் ஆறு. மேட்டூரில் திறக்கும் நீர் முக்கொம்பு மேலணை வழியாக எந்த நேரத்திலும் அதில் திருப்பப்படலாம். ஆர்தர் காட்டன் 1836-ஆம் ஆண்டில் தொடங்கிக் கட்டிய அந்த அணையின் கொள்ளிடப் பகுதியில், 2018 ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு, ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் பெயர்ந்து போயின. ஆற்றின் மடியில் நிம்மதியாகப் படிக்க முடியாது. அதன் கரைமேட்டில், உயரத்தில், முடியும்.

மலைகளில் வேறு விதி. பச்சைமலை 500 முதல் 1,000 மீட்டர் வரை உயரமுள்ளது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை 1,000 மீட்டருக்கு மேற்பட்டது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஏழு டிகிரி குறையும். சித்திரையில் திருச்சி நகரம் 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது அங்கே இரவில் போர்வை தேடுவதன் காரணம் இதுவே. ஆனால் இரவில் குளிர்ந்த காற்று கனத்து, பள்ளங்களில் இறங்கித் தங்கும். ஆகையால் ஓடைக்கு அருகேயுள்ள தாழ்வைவிடச் சற்று மேலேயுள்ள சமதளம் மேலானது; அங்கே ஈரமும் குறைவு, கொசுவும் குறைவு.

கிழக்கே மரநிழல் இருக்கும்படி அடித்தால் காலை வெயில் கூடாரத்தை அடுப்பாக்காது. பட்ட கிளைகள் மேலே தொங்காதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். அடிக்குமுன் தரையில் ஒருமுறை படுத்துப் பார்த்துவிடுவது உத்தமம். கண்ணுக்குத் தெரியாத சரிவும் வேரும் முதுகுக்குத் தெரிந்துவிடும். சரிவு தவிர்க்கமுடியாததாயின் தலைப்பக்கம் உயரமாக இருக்கட்டும்.

காட்டில் தங்குவதற்கு வனத்துறையின் அனுமதி அவசியம். 2018 மார்ச்சு 11-ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை நாம் மறக்கலாகாது. மலையேற்றத்துக்குத் தனி விதிகள் அவ்வாண்டிலேயே வகுக்கப்பட்டன. அவற்றைத் தொல்லை என்று கருதாமல், உயிர் காக்கும் வேலி என்று மதிக்கவேண்டும்.

முதுகும் முழங்காலும்

கூடாரத்தில் படிக்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றிக்கொண்டு தொடங்குகிறார்கள். இது கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, இடுப்பையும் நோகச் செய்யும் நிலை. கால் மணிக்கு மேல் எவராலும் தாங்க இயலாது.

இதற்குச் சரியான பரிகாரம் முதுகில் சுமந்துவந்த பையே. அதில் மாற்றுத் துணிகளைத் திணித்து இறுக்கிக் கட்டி, தலைமாட்டில் சாய்வாக வைத்துவிட்டால் திண்ணையின் சரிவு தயார். பை நழுவாதிருக்க அதன் பின்னால் தண்ணீர்ப் பாத்திரத்தையோ செருப்புகளையோ முட்டுக் கொடுக்கலாம். கூடாரத் துணியின்மேல் மாத்திரம் சாயக்கூடாது; துணி வலுவிழப்பதன்றி, அதிலுள்ள ஈரமும் முதுகில் ஏறும். பிறகு முழங்கால்களுக்குக் கீழே ஒரு போர்வையைச் சுருட்டி வைக்கவேண்டும். முழங்கால் மடிந்தால் இடுப்பு இளகும். துடை தானே புஸ்தகத்துக்குப் பீடமாகிவிடும். கையால் தூக்கிப் பிடிக்கும் வேலை ஒழிந்ததும் அரை மணி நேரம் ஒரு மணி நேரமாக நீளும்.

பக்கவாட்டில் படுத்துப் படிக்க விரும்புவோர் தலையணையைத் தோளின் உயரத்துக்குச் சரியாக மடித்து வைக்கவேண்டும். கழுத்து மேலும் வளையாமல் கீழும் தொங்காமல் நேராக இருப்பதே அடையாளம். சப்பணமிட்டு உட்கார்ந்து படிப்பவர்கள் கூடாரம் வாங்குமுன் தம்முடைய உட்கார்ந்த உயரத்தை அளந்துகொள்வது நல்லது. சிறிய கூடாரங்களின் நடு உயரம் ஒரு மீட்டர் அளவிலேயே இருக்கும். தலை முட்டும் கூடாரத்தில் முதுகு கூனாமல் என்ன செய்யும்?

தரையிலிருந்து ஏறும் குளிரையும் மறக்கலாகாது. மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும், கீழே விரிப்புச் சரியில்லாவிட்டால் உடலின் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். வண்டி போகும் இடமானால் முசிறிக் கோரைப்பாய்க்கு ஈடு இல்லை. நடந்து சுமக்கவேண்டுமானால், கனமற்ற நுரை விரிப்பே ஏற்றது. அதையே இரண்டாக மடித்து, பாதியை இருக்கையாகவும் பாதியைப் பையின்மேல் சாய்வாகவும் விரித்துக்கொள்ளலாம்.

விளக்கு

பாசறையில் விளக்கெரிப்பது நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில், காட்டில் இறங்கிய அரசனுடைய படைவீட்டுக்குள் கச்சில் வாள் கட்டிய மகளிர் விளக்கு அவியுந்தோறும் மீண்டும் கொளுத்தி வைக்கும் காட்சி வருகிறது. அதைப் பாடிய நப்பூதனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகர் மகனார். நம் காவிரிக்கரைக்காரர்! இக்காலத்தில் அத்தனை பணிப்பெண்களுக்கு அவசியமில்லை. கைக்கடக்கமான மின்விளக்கு ஒன்று போதும். தீயுள்ள விளக்கை மாத்திரம் கூடாரத்துக்குள் கொண்டுவரவே கூடாது. மெழுகுவத்தியானாலும் மண்ணெண்ணெய் விளக்கானாலும், துணி பற்றிக்கொள்ள ஒரு நொடி போதும். மூடிய இடத்தில் எரியும் சுடர் நச்சுக் காற்றையும் உண்டாக்கும்.

பலர் நெற்றியில் கட்டும் விளக்கை வாங்கி, அதன் ஒளியை நேரே பக்கத்தின்மேல் பாய்ச்சிப் படிக்கிறார்கள். வெள்ளைக் காகிதத்தில் அது பளீரென்று பட்டுக் கண்ணைக் கூசச் செய்கிறது. தலையைத் திருப்பினால் அருகில் படுத்திருப்பவர் முகத்தில் விழுகிறது. அதற்குப் பதிலாக, தண்ணீர் நிறைந்த வெள்ளை நிறப் பாத்திரம் ஒன்றைச் சுற்றி, ஒளி உட்புறம் நோக்கும்படி அதைக் கட்டிவிடுங்கள். பாத்திரம் முழுவதும் மெல்லிய வெளிச்சம் பரப்பும் லாந்தராகிவிடும். அதைத் தோளுக்குப் பின்னால், சற்று உயரத்தில், பக்கவாட்டில் வைத்தால் நிழலும் விழாது, கூச்சமும் இராது. வெளிச்சம் போதாவிட்டால் பெரிய விளக்கு தேடவேண்டாம்; கிட்டே நகர்த்துங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு.

மங்கிய வெளிச்சத்தில் படித்தால் கண் நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் பலர். அப்படிக் கெடுவதில்லை, ஆனால் கண் களைக்கும், தலை நோகும், தூக்கம் வரும். அந்தப் பையனுக்கு நேர்ந்தது இதுவே. நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கண்ணுக்குள்ளிருக்கும் வில்லை நெகிழ்ச்சி குன்றிச் சாளேசுரம் வந்துவிடுகிறது. எங்களுக்கு இளைஞரைவிட அதிக வெளிச்சம் வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கெட்டியான பெட்டியில் வைத்துக்கொள்ளவும் வேண்டும். கூடாரத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்த இடத்தில்தான் எவரும் முதலில் உட்காருவர் என்பது அனுபவம்.

காற்று, ஈரம், பூச்சி

வாசல்களையும் சாளரங்களையும் இறுக மூடிக்கொண்டு படிப்பவர்களுக்கு இரண்டு தொல்லைகள். முதலாவது புழுக்கம். இரண்டாவது ஈரம். ஒருவர் இரவு முழுவதும் விடும் மூச்சிலேயே ஏறக்குறைய ஒரு டம்ளர் நீர் ஆவியாகிப் போகிறது. அது குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகி, விடியற்காலையில் புஸ்தகத்தின்மேல் சொட்டுகிறது. ஆகையால் உட்புறம் வலையும் வெளிப்புறம் மழைத்துணியுமாக இரண்டு அடுக்குள்ள கூடாரமே சிறந்தது. வலையை மூடி, மழைத்துணியின் இரு கோடிகளையும் திறந்து வைத்தால் காற்று குறுக்கே ஓடும். ஆனி, ஆடி மாதங்களில் நம் பக்கத்தில் மேல்காற்று பலமாக வீசும். அப்பொழுது கூடாரத்தின் குறுகிய பக்கத்தை மேற்கு நோக்கி வைத்து முளைகளை ஆழ அடிக்கவேண்டும். இல்லாவிடில் படிக்கும் ஓசையைவிடத் துணி படபடக்கும் ஓசையே பெரிதாயிருக்கும்.

பூச்சிகளுக்கு நீலம் கலந்த வெண்ணொளியில் விருப்பம் அதிகம். மஞ்சள் ஒளியில் குறைவு. ஆகவே மஞ்சள் விளக்கே வாங்கலாம். அதைவிட முக்கியமானது, உள்ளே நுழைந்து வலையை மூடிய பிறகே விளக்கை ஏற்றும் வழக்கம். முதலில் விளக்கு, பிறகு கதவு என்றால் மலையிலுள்ள ஈசல்கள் யாவும் விருந்தாளிகளாகிவிடும்.

சமவெளியில் கோடைகாலப் பகலில் கூடாரத்துக்குள் படிக்கும் முயற்சியை அடியோடு விட்டுவிடுவது நலம். வெயிலில் நிற்கும் கூடாரம் அடுப்பு. விரிப்பை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போய்விடவேண்டியதுதான். மார்கழியில் கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்கோ எதிர்க் கஷ்டம்: போர்வைக்கு வெளியே கை விறைக்கும். தலையில் ஒரு முண்டாசும், தோளைச் சுற்றி ஒரு துண்டும் இருந்தால், ஒரு கையை மாத்திரம் வெளியே நீட்டி, கைகளை மாற்றி மாற்றிப் படிக்கலாம்.

சுமையும் சௌகரியமும்

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "நடைப் பிரயாணம் என்பதே கஷ்டத்துக்குப் பழகுவதற்கு அல்லவா? இதில் சௌகரியம் தேடுவது அழகா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை நம் ஊரிலேயே இருக்கிறது.

1930 ஏப்ரல் 13-ஆம் தேதி, தமிழ் வருஷப் பிறப்பன்று, திருச்சிராப்பள்ளிக் கண்டோன்மெண்டில் டாக்டர் தி. சே. சௌ. ராஜன் இல்லத்திலிருந்து ராஜாஜியின் தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் வேதாரணியத்துக்கு நடந்து சென்றார்கள். ஏறக்குறைய 150 மைல். அவர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் தண்டனைக்கு உள்ளாவர் என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். கடுங்கோடையில் நடந்து, 28-ஆம் தேதி வேதாரணியம் சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி உப்பை அள்ளினார்கள். அன்றே ராஜாஜி கைதானார்.

அவர்கள் கஷ்டத்தைத் தேடிப் போகவில்லை; ஒரு காரியத்தைத் தேடிப் போனார்கள். வழியில் கஷ்டம் வந்தது, தாங்கினார்கள். இன்று நாம் கூரையையே முதுகில் சுமந்து செல்கிறோம். தங்க இடம் கொடுத்தவர்களை எவரும் சிறைக்கு அனுப்புவதில்லை. நம்முடைய காரியம் படிப்பதாயின், அதற்குத் தடையான கஷ்டத்தை நீக்கிக்கொள்வதில் வெட்கம் எதற்கு? உடலை மறக்கும் அளவுக்குச் சௌகரியம் வேண்டும். உடலையே நினைத்துக்கொண்டிருக்கும் அளவுக்கு வேண்டாம். மெத்தையும் நாற்காலியும் சுமக்கத் தொடங்கினால் மலை ஏறுவது நின்றுவிடும்.

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை எப்படியும் கொண்டுபோகிற பொருள்களே என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். பை, போர்வை, தண்ணீர்ப் பாத்திரம், துண்டு, விளக்கு. புதிதாகச் சேரும் பாரம் புஸ்தகம் ஒன்றுதான். இருநூறு, முந்நூறு கிராமுக்குள் அடங்கும் மெல்லட்டைப் பதிப்பு ஒன்றை, தண்ணீர் புகாத உறையில் இட்டு எடுத்துச் செல்லலாம். விட்டு விட்டுப் படிக்கக்கூடிய சிறுகதைகளோ கட்டுரைகளோ ஏற்றவை. நடந்த களைப்பில் நீண்ட நாவலின் பாத்திரங்கள் ஒருவரோடொருவர் கலந்துவிடுகிறார்கள். ஒரு குழுவாகச் செல்வோர் ஆளுக்கு ஒரு புஸ்தகம் கொண்டுசென்று மாற்றிக்கொண்டால், ஒரு சிறு நூல்நிலையமே மலையேறிவிடும்.

அடுத்த ஆண்டு மறுபடியும் பச்சைமலைக்குப் போனோம். அந்தப் பையனும் வந்திருந்தான். முதல் நாள் மாலை, மற்றவர்கள் கேட்கும்படி அவனைக் கடிந்ததற்காக, மற்றவர்கள் கேட்கும்படியே என் வருத்தத்தைத் தெரிவித்தேன். "பரவாயில்லை சார்" என்று தலையைக் குனிந்துகொண்டான். பிறகு பையைச் சாய்த்து முட்டுக் கொடுப்பதையும், விளக்கைப் பாத்திரத்தில் கட்டுவதையும் நான் காட்ட, அவனே மற்றக் கூடாரங்களுக்குப் போய் ஒவ்வொன்றாகச் செய்துகொடுத்தான்.

அன்றிரவு அவனுடைய கூடாரத்தில் எவ்வளவு நேரம் விளக்கு எரிந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. என் சாய்வு அவ்வளவு சுகமாக அமைந்துவிட்டது. ஒன்பதரை மணிக்கெல்லாம் நான் தூங்கிவிட்டேன். காலையில் அவன் என்னிடம் வந்து, தன் புஸ்தகம் முடிந்துவிட்டதென்றும், நான் படிக்காமல் வைத்திருக்கும் என்னுடையதைத் தரமுடியுமா என்றும் கேட்டான்.